உச்சி வெயிலும் இரண்டு முன்பற்களும்

என் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளே வருகிற யாரும் யாரைப் பார்த்தும், "என்ன, இப்பிடிக் கறுத்துப்போனாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவேன். சொந்த மச்சானையே அப்படி அனுப்பியிருக்கிறேன். அதன் பிறகு அவர் தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு வேறு ஆளிடம் ஒலிபெருக்கி பிடித்தார். பிடிக்கட்டும்.

ஆரையம்பதியில் பெரிய வீதியோரம் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் நான். என் பிழைப்பில் எல்லாமே கறுப்பு. பெட்டி கறுப்பு, வயர் கறுப்பு, மைக் கறுப்பு. அவற்றைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. மனுசரைக் கண்டால்தான் எங்கள் ஆட்களுக்கு நிறம் கண்ணில் குத்தும். கொஞ்ச நாள் காணாத ஒருவரைக் கண்டால், சாப்பிட்டாயா, சுகமா என்று கேட்பதற்கு முன் அவருடைய தோலைப் பற்றி விசாரிக்கிறோம். அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தச் சட்டம் அக்காவால் வந்தது. அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. என் கடையில் அறிவித்தல் வாசித்தவர். கோயில் திருவிழா, கடைத் திறப்பு, காணாமற்போன மாடு, மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அக்காவின் குரல்தான். என் அறைக்குள் இருந்து அவர் பேசுவார், நான் பதிவு செய்வேன், ஓட்டோவின் தலையில் இரண்டு ஹோர்ன் கட்டிக்கொண்டு அது ஊர் ஊராகப் போகும். வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலை, இந்தப் பக்கம் கடற்கரை ஊர்கள் என்று எல்லாருக்கும் அந்தக் குரலைத் தெரியும். முகத்தைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அக்காவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அக்கா வருவது குடையால்தான் தெரியும். ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, வளைந்த மரப்பிடி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடை விரியும். கையில் முழங்கை வரைக்கும் உறை. குடை பிடித்துக்கொண்டே மதில் நிழலோடு ஒட்டி நடப்பார். மதில் முடிகிற இடத்தில் நின்றுவிடுவார். வீதியைக் கடக்க வேண்டும், ஆனால் அந்த இடத்தில் நிழல் இல்லை. ஒரு மேகம் வரும்வரை அப்படியே நிற்பார். நான் கடைக்குள் மைக்கைப் பொருத்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். செத்த வீட்டுக்காரர் அறிவித்தலுக்காகக் காத்திருப்பார்கள், அக்கா மேகத்துக்காகக் காத்திருப்பார்.

பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தேன். கதவைப் பூட்டினால் பகலா இரவா என்று தெரியாது. எனக்கு அதற்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே மூச்சு முட்டும். அக்காவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

"இஞ்ச நல்லா இரிக்கி தம்பி. வெயில் எட்டியும் பாக்காது" என்பார்.

ஒருமுறை எங்கள் பகுதிக் கோயில் ஒன்றின் தீர்த்தத் திருவிழா. தலைவர் கடைக்கு வந்து, அக்கா நேரே வந்து மைதானத்தில் நின்று அறிவிக்க வேண்டும் என்றார். பகல் திருவிழா. அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"நான் இஞ்சயே பேசித் தாறன், கொண்டுபோய்ப் போடுங்க."

"சாமி எப்ப வெளிக்கிடும் எண்டு இப்பவே எப்பிடிப் புள்ள தெரியும்?"

"எல்லாத்தையும் பேசித் தாறன். எது நடக்கோ அதப் போடுங்க."

அப்படியே செய்தார். சுவாமி நேரத்துக்குப் புறப்படுவதாக ஒன்று, சற்றுத் தாமதம் என்று ஒன்று, குழந்தை ஒன்று காணாமற்போனதாக ஒன்று, கிடைத்துவிட்டதாக ஒன்று, மழை என்றால் அதற்கும் ஒன்று. அன்றைக்குத் தலை வெடிக்கிற வெயில். சனக் கூட்டத்தில் அவசரத்தில் நான் மாற்றி அழுத்திவிட்டேன். "கடும் மழை காரணமாக, பக்தப் பெருமக்கள் மண்டபத்தினுள்ளே ஒதுங்கிக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று அக்காவின் குரல் குளிர்ச்சியாகச் சொன்னது. ஒரு துளி மேகம் இல்லை. சனங்கள் ஒரு வினாடி வானத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். அந்தக் குரல் சொன்னால் மழைதான். தலைவர் என்னை அடிக்க வந்தார். நான் பிறகு அக்காவிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெயிலை ஏன் இப்படிப் பகைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் கரண்ட் போய்ப் பதிவு நின்றிருந்த நேரம் அவராகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அக்கா வலைப்பந்து ஆடியிருக்கிறார். உயரம் இருந்ததால் கோலடிக்கிற இடம். அப்போது மூத்த சகோதரியைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். விளையாடிவிட்டு வேர்வையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தவரைக் கண்டு, வந்தவர்களில் ஒரு மனிசி கேட்டாளாம்: "இதாரு, உங்கட வீட்டு வேலைக்காரப் புள்ளயா?" வீட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்து மழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அம்மா பந்தை எடுத்து வளவுக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார்.

"அதுக்குப் பிறகு வெயில்ல விடல்ல. பள்ளிக்குப் போகக்கொள்ளயும் குடை. உடுப்புக் காயப் போடுறதும் அம்மாதான். என்ன மட்டும் காயவே விடல்ல" என்றார் அக்கா, மற்ற யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி.

அவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்தும் வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். புள்ள நல்ல புள்ள, குணம் தங்கம், நிறம்தான் கொஞ்சம். நகை சேர்த்து வைத்திருந்தார்கள், சீதன வீட்டுக்கு அத்திவாரமும் போட்டிருந்தார்கள். ஆள் வரவில்லை. அந்த மனிசிகளும் அந்த மாப்பிள்ளைகளும் என்ன பால் நிறமா? வாவியில் தோணி விடுகிறவர்களும் வட்டையில் வெள்ளாமை செய்கிறவர்களும் பெற்ற பிள்ளைகள்தானே எல்லாரும்.

இதிலே இன்னொரு கூத்து இருக்கிறது. அக்காவின் குரலில் எங்கள் பகுதி முழுவதும் அதிகம் ஒலித்தது எது தெரியுமா? பட்டினத்தில் வளையல், பவுடர் விற்கிற ஒரு பென்சிக் கடைக்காரர் முகத்துக்குப் பூசுகிற கிறீமும் விற்றார். "சகோதரிகளே! கறுப்பு மறைய வேண்டுமா? முகம் பளிச்சென்று பொலிய வேண்டுமா?" என்று தொடங்கும். வருசக் கணக்காக எங்கள் ஓட்டோ அதைப் போட்டுக்கொண்டு சந்து பொந்தெல்லாம் திரிந்தது. அக்காவும் அதே கிறீமைத்தான் பூசினார். பூசிக்கொண்டு வந்து, ஜன்னலில்லாத அறைக்குள் இருந்து, மற்றப் பெண்களையும் பூசச் சொன்னார். அந்தக் கடைக்காரர் மாத்திரம் நல்ல கறுப்பு. மீசையும் வைத்திருந்தார்.

பிறகு ஒரு நாள் அக்கா வந்த பஸ், குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக் அடித்தது. முன் சீற்றின் கம்பியில் வாய் மோதி, மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் வேரோடு போய்விட்டன. காயம் ஆறியது. குரல் போய்விட்டது. தொண்டையில் ஒன்றுமில்லை, ஆனால் 'ச' வருகிற இடமெல்லாம் காற்று ஒழுகியது. கழற்றிப் போடுகிற பல் செட் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். அது வந்ததும் ஒழுகல் விசிலாக மாறியது. மைக்குக்கு முன்னால் பல் செட் கட்டிய வாயைவிடப் பொல்லாத எதிரி இல்லை. எவ்வளவு மெல்லிய விசிலையும் அது பிடித்துப் பெருக்கிவிடும்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பெரியவரின் மரண அறிவித்தல். "சிவபதம் அடைந்தார்" என்ற இடத்தில் ஒரு விசில். "சேர்ந்தவரும்" என்ற இடத்தில் இன்னொன்று. நான் எத்தனை முறை வெட்டி ஒட்டியும் போகவில்லை, நேரமும் இல்லை. ஓட்டோ போனது. சந்தியில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு செத்த வீட்டு வாசலுக்கும் கேட்டிருக்கிறது. மகன்காரன் கடைக்கு வந்து, "எங்கட அப்பாட சாவு உங்களுக்குப் பகிடியா?" என்று கத்தியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் அப்படிக் கேட்கவில்லை. "எங்கட அப்பாவ இன்னொருக்கா நல்ல குரலில சொல்லிவிடுங்க அண்ணன்" என்று மட்டும் சொன்னான். அக்கா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை.

அந்தக் குரலைத் தவிர அக்காவிடம் வெளியே காட்டுவதற்கென்று ஒன்றும் இருந்ததில்லை. அதுவும் போனால் அவர் முழுதாக நிழலுக்குள் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே பட்டினத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் இம்ப்ளாண்ட் செய்யலாம் என்று கேள்விப்பட்டபோது நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் ஏறுவதற்கென்று இருந்த நகைகள் போய் வாய்க்கு வந்தன. அம்மா அழுதார். அக்கா அழவில்லை.

இம்ப்ளாண்ட் என்றால் வேறொன்றுமில்லை. மேல் தாடை எலும்பில் துளையிட்டு டைட்டானியத் திருகாணியை இறக்குவார்கள். எலும்பு மெல்ல மெல்ல வளர்ந்து அந்தத் திருகாணியைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகுதான் மேலே பல்லைப் பூட்டுவார்கள். நான் சுவரில் ஆணியடித்து ஹோர்ன் கட்டுகிறவன், எனக்கு இது விளங்கும். சுவர் உதிர்கிற சுவரென்றால் எந்த ஆணியும் நிற்காது. ஆணியடிக்க முதல் நான் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். அந்த டொக்டர் பார்க்கவில்லை. படம் எடுத்தார், ஊசி போட்டார், இறக்கினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாதங்கள் காத்திருந்தோம். ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது ஒரு திருகாணி அக்காவின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. மற்றது ஆடிக்கொண்டிருந்தது. அதையும் டொக்டர் விரலாலேயே எடுத்தார்.

"வெத்திலை போடுவீங்களா?"

"இல்ல டொக்டர்."

"வாய் ஒழுங்காக் கழுவினீங்களா? கடினமாக் கடிச்சீங்களா?"

"கஞ்சிதான் குடிச்ச நான்."

"அப்ப உங்கட எலும்பு சரியில்ல. சில பேருக்குப் பிடிக்காது. என்ன செய்யிறது?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எலும்பு சரியில்லாட்டி அத முதலே பாத்திரிக்க வேணும். கழண்டு கையில வந்தாப் பிறகு எலும்பில பிழை சொல்றீங்களே. நாங்க சுவரத் தட்டிப் பாக்காம ஒரு பல்ப் கூட மாட்டமாட்டம்" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். வரவேற்பில் இருந்த பிள்ளை சத்தம் போட வேண்டாம் என்றது. சத்தம் போடுவதுதான் எங்கள் தொழில் என்றேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்ததும் குடையை விரித்தார். அவமானப்பட்டு வெளியே வருகிற நேரத்திலும் குடையை மறக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்காவுக்கு நெடுநாளாகக் கால் எலும்புக்குள் ஒரு வலி, கதிரையை விட்டு எழும்பவே கை ஊன்ற வேண்டும். அதற்காக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஒரு பெண் டொக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். பல் கதையையும் கேட்டார். பிறகு, "வெயில்ல போவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்ல டொக்டர். நான் வெயில் படுறதே இல்ல" என்றார் அக்கா. குடிக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன் என்று சொல்வது போன்ற பெருமையோடு சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அக்காவின் கையுறையைப் பார்த்தார். இரத்தம் சோதிக்க எழுதினார். முடிவு வந்தபோது விற்றமின் டி அடிமட்டத்தில் இருந்தது.

"இது தோலில வெயில் பட்டுத்தான் ஊறவேணும். எலும்பு உறுதியாகிறதுக்கு இது வேணும். உங்களிட்ட இல்லவே இல்லை எண்டு சொல்லலாம்."

"அப்ப பல்லு கழண்டதும் இதாலயா?" என்று நான் பாய்ந்து கேட்டேன். எனக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

"அப்பிடி அடிச்சுச் சொல்ல மாட்டன் தம்பி. பல்லுப் பிடிக்காம விடுறதுக்கு எத்தனையோ காரணம் இரிக்கி. இதுவும் ஒண்டா இரிக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனா இவ்வளவு குறைஞ்ச ஆளுக்கு, நான் எண்டா முதல்ல இத ஏத்திப்போட்டுத்தான் திருகாணிய யோசிப்பன்." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நம்மட தோல் மாநிறத்தையும் விடக் கறுப்பு. வெள்ளைத் தோலை விட நமக்குக் கூடுதலா வெயில் வேணும்."

'நம்மட தோல்' என்றுதான் சொன்னார். அவரும் கறுப்புத்தான். அந்த ஒரு வசனத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. யாருக்கு வெயில் கூடுதலாக வேண்டுமோ அவளைத்தான் பிடித்து இருட்டுக்குள் போட்டிருக்கிறோம். எங்கள் ஊர்களையே நாங்கள் சூரியனை வைத்துத்தான் பிரித்திருக்கிறோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரைக்கும் படுகிற கரைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் இரத்தத்தில் வெயில் இல்லை என்று காகிதத்தில் எழுதித் தந்தார்கள்.

விற்றமின் குளிசை எழுதினார்கள். வெயிலில் நிற்கச் சொன்னார்கள். அக்கா சொன்னதைச் செய்கிற ஆள். விடியக் காலை வாவிக் கரைக்குப் போய் நின்றார். இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், பச்சைப் பிள்ளைகளையும் அந்த நேரத்தில்தானே வெயில் காட்டுகிறோம். ஒரு நாள் வலை இழுக்கிறவர்களிடம் இறால் வாங்கப் போன நான் அவரைக் கண்டேன். சூரியன் அப்போதுதான் தலையை நீட்டியிருந்தது. அக்கா முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தில் அந்தக் கிறீம் அப்பியபடி, மடித்த குடையை ஊன்றிக்கொண்டு பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"என்னக்கா இது வேஷம்?"

"வெயில் எடுக்கிறன் தம்பி."

மாதக் கணக்காக அப்படி எடுத்தார். மறுபடி இரத்தம் சோதித்தபோது அளவு அசையவே இல்லை. டொக்டர், எந்த நேரம் நிற்கிறீர்கள், எப்படி நிற்கிறீர்கள் என்று துருவிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பிழை என்னிலதான், விளக்கமாச் சொல்லல்ல. விடியக்காலை வெயிலால இது ஊறாது. உங்கட நிழல் உங்களவிடக் கட்டையா விழுகிற நேரம் நிக்கவேணும். கையும் முகமும் திறந்து. கனநேரம் வேணாம், தோல் எரிய விடவேணாம். கிறீமெல்லாம் பூசாதீங்க. சரி, குளிசை போட்டீங்கதானே?"

அக்கா போடவில்லை. குளிசை முடிந்துவிட்டதென்று அம்மா சொல்லியிருந்தார், அக்கா நம்பியிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சாமிப் படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நானும் கூடப் போயிருந்தேன். அம்மா மெலிந்த, பயந்த மனுசி. என்னைப் பார்த்துத்தான் நியாயம் சொன்னார்.

"அது சரியான சூடு மனே. உடம்பெல்லாம் கறுத்துப்போகும் எண்டு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. இனியெண்டாலும் புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கட்டும் எண்டுதான் எடுத்து வெச்ச நான்."

அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அம்மா இன்னும் மாப்பிள்ளைக்குக் காத்திருந்தார். நான் வெடிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டார். சத்தமே போடவில்லை.

"ஆருக்கம்மா?" என்றார்.

அம்மா சாமிப் படத்தை நேராக்கினார்.

"ஆருக்காக நான் கறுக்காம இரிக்க வேணும்? அந்தா வாறான் எண்டு ஒருத்தனக் காட்டுங்க. அவனுக்காக இந்தக் குளிசையக் கிணத்துக்குள்ள போடுறன், பந்தப் போட்ட மாதிரி."

பல் போன பொக்கைக்குள்ளால் காற்று ஒழுக ஒழுகத்தான் பேசினார். ஒரு எழுத்தும் எனக்குத் தவறவில்லை. அம்மா குளிசை டப்பாவை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அந்த மனுசியில் எனக்குக் கோபம் இருந்தது. அவர் போன பிறகு அது போக இடமில்லாமல் என்னிடமே நின்றது.

அடுத்த நாளிலிருந்து அக்கா பகலில் என் கடை வாசலில் நின்றார். குடையைக் கடைக்குள் சாத்திவைத்து, கையுறையைக் கழற்றி, தாரில் வெக்கை பறக்கிற நேரத்தில், தன் நிழலைக் காலடியில் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். நிழல் நீளத் தொடங்க முன் உள்ளே வந்துவிடுவார். குளிசையும் தவறவில்லை. வீதியில் போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

சொந்தக்கார மாமி ஒருத்தி சந்தைப் பையோடு வந்து நின்று, "என்ன புள்ள, இப்பிடிக் கறுத்துப்போனாய்?" என்றாள்.

"ஓம் மாமி. டொக்டர் எழுதித் தந்திரிக்கா" என்றார் அக்கா.

மாமி போய்க் கன தூரம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அளவு ஏறியது. டொக்டர் சொன்ன வேறொரு பல் வைத்தியரிடம் போனோம். அவர் காகிதங்களைப் பார்த்தார், எலும்பைப் பார்த்தார், அவசரப்படவில்லை. மறுபடி திருகாணி இறங்கியது. மறுபடி காத்திருப்பு. அந்த மாதங்களில் அக்காவிடம் பல்லைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவிருக்கவில்லை. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறையும் போனால் மூன்றாவது முறைக்கு நகையும் இல்லை, மனமும் இல்லை.

திருகாணி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற நாளில் நானும் உள்ளே போனேன். வைத்தியர் சிறிய கருவியின் பிடியால் அதை மெல்லத் தட்டினார். கணீரென்று கேட்டது. வாழ்நாள் முழுவதும் பெட்டியையும் சுவரையும் தட்டிப் பார்த்தவன் நான். இறுகப் பிடித்ததற்கு ஒரு சத்தம், ஆடுவதற்கு ஒரு சத்தம். அவர் சொல்ல முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றதையும் தட்டினார். அதுவும் அதே கணீர். அக்கா நாற்காலியில் வாயைப் பிளந்தபடி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் தலையாட்டினேன். வெயில்தான் பிடித்துக் கொடுத்ததா என்று வைத்தியரிடம் கேட்டேன். யாருக்குத் தெரியும், நல்லாப் பிடிச்சிரிக்கி என்றார் அவர். அந்த ஆட்கள் ஒருவரும் எதையும் அடித்துச் சொல்வதில்லை.

மேலே பல் பூட்டியாயிற்று. அக்கா கடைக்கு வந்தார். அன்றைக்கே, எப்படித்தான் மணம் பிடித்தாரோ, அந்தப் பென்சிக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பல் போன காலத்தில் ஒரு முறை எட்டிப் பார்க்காத மனிசன், வேறொரு பெண்ணைப் பிடித்துப் பேச வைத்தவர்.

"அக்காட குரல் திரும்பி வந்திட்டு எண்டாங்க! அந்தப் புள்ளட குரல் எடுபடல்ல. உங்கட குரலுக்குத்தான் கிறீம் போகும்" என்றார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "என்னக்கா, இப்பிடிக் கறுத்துப்போனீங்க? பரவாயில்ல, குரல்தானே எங்களுக்கு வேணும்."

நான் எழும்பினேன். அக்கா கையைக் காட்டி என்னை இருத்தினார். கடைக்காரர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவை அழுத்தினேன்.

"சகோதரிகளே" என்றார்.

அந்தச் 'ச'வில் ஒரு நூல் காற்றும் ஒழுகவில்லை. அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சத்தத்தை அளக்கிற முள் அசையாமல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அறைக் கதவு திறந்தது. அக்கா எங்களைத் தாண்டி, மூலையில் சாத்தியிருந்த குடையைத் தாண்டி, நேரே வாசலுக்கு வெளியே போய் வெயிலில் நின்றார்.

"இஞ்ச வாங்க" என்று கடைக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் வாசல்படியோடு நின்றுகொண்டு, நெற்றிக்குக் கையைக் குடையாகப் பிடித்தார். "வெயிலக்கா."

"வெயில்தான். இந்த ரெண்டு பல்லையும் பிடிக்க வைக்கிறதுக்கு நான் இந்த வெயில்லதான் நிண்ட நான். மறுகாயும் உள்ளுக்குப் போய், வெயில்ல போகாதீங்க, கறுத்துப்போவீங்க எண்டு ஊர்ப் பொம்பிளப் புள்ளயளுக்குச் சொல்ற வேலைக்கா இது?" தாளை மடித்து அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தார். "இந்தப் பல்லால நான் அதச் சொல்லமாட்டன். மரண அறிவித்தல் இரிந்தாக் கொண்டுவாங்க, வாசிக்கிறன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி இது? நாங்க எவ்வளவு காலப் பழக்கம்?"

"வெளிய போங்க" என்றேன். சட்டத்தை முதன்முதலாக அமுல்படுத்திய நாள் அதுதான். அவர் ஏற்கெனவே பாதி வெளியேதான் நின்றார். மீதியையும் அனுப்பிவைத்தேன்.

அம்மா காலமான பிறகு அக்கா சகோதரியோடு திருகோணமலைப் பக்கம் போய்விட்டார். குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. மாரியில் நான்தான் பிடிக்கிறேன். அன்றைய பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது கடைக்குள் வந்து சட்டத்தை மீறினால், வெளியே அனுப்புவதற்கு முன் அதைப் போட்டுக் கேட்க வைப்பேன். ஒரே ஒரு சொல்தான், "சகோதரிகளே." பிறகு கொஞ்சம் மூச்சு. பிறகு கதவு திறக்கிற சத்தம்.